ரோம் எப்போது முடிந்தது? பழங்காலம் இடைக்காலமாக மாறியதைச் சான்று வைத்துப் படிக்கும் முறை

பள்ளிப் புத்தகத்தில் ஒரே வரிதான்: கி.பி. 476இல் மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்தது, பழங்காலம் முடிந்து இடைக்காலம் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 4 அன்று நடந்தது என்ன? இத்தாலியில் இருந்த படைத்தலைவன் ஓடோவாக்கர், ரோமுலஸ் அகஸ்துலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கி, வாழ்க்கைச் செலவுக்குப் பணமும் கொடுத்து, நேப்பிள்ஸ் பக்கம் அனுப்பிவைத்தான். அரச சின்னங்கள் கிழக்குப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயின. கிழக்குப் பேரரசு அங்கீகரித்திருந்த மேற்குப் பேரரசர் ஜூலியஸ் நெப்போஸ். அவர் தல்மேஷியாவில், அதாவது இன்றைய குரோஷியக் கரையில், 480 வரை உயிரோடு இருந்தார். ரோம் நகரில் செனட் தொடர்ந்து கூடியது. மேற்கில் 534 வரை கான்சல்கள் என்ற பழைய ரோம உயர்பதவியினர் பதவியேற்றார்கள். கொலோசியத்தில் 523இலும் விலங்கு வேட்டைக் காட்சி நடந்தது. 476ஐ ஒரு பெரிய முடிவாகத் தெளிவாக எழுதிவைத்தவர் மார்செல்லினுஸ் என்ற வரலாற்றுக் குறிப்பாளர். அவர் எழுதியது ஏறக்குறைய 40 ஆண்டு கழித்து, அதுவும் கான்ஸ்டான்டிநோபிளில் உட்கார்ந்து.

இதை மட்டும் பார்த்தால் எதுவுமே மாறவில்லை என்று தோன்றும். ஆனால் அதே ஐந்தாம் நூற்றாண்டில் பிரிட்டனில் சக்கரத்தில் பானை வனையும் தொழிலே ஓரிரு தலைமுறைக்குள் நின்றுபோனது. புது நாணயம் வரவில்லை, கல் கட்டடம் எழும்பவில்லை. இரண்டும் உண்மை. வரலாற்றாசிரியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதில் வாதாடிக்கொண்டிருப்பதற்குப் பாதிக் காரணம், ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்தை, வேறு வேறு வகைச் சான்றை வைத்துப் பேசுவதுதான். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் இந்தக் காலத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தையும் எடைபோடலாம், சொந்தமாக ஒரு கட்டுரையும் எழுதலாம். அதற்கான வழிமுறை இது.

இடத்தைக் குறுக்குங்கள், பிறகு கட்டம் போடுங்கள்

"ரோமப் பேரரசு ஏன் வீழ்ந்தது?" என்ற கேள்வியோடு உட்காராதீர்கள். ஜெர்மானிய வரலாற்றாசிரியர் அலெக்சாண்டர் டெமாண்ட் 1984இல், அந்தக் கேள்விக்கு அதுவரை யார் யாரோ சொன்ன காரணங்களைத் திரட்டினார். 210 தேறின. அவற்றில் பல ஒன்றையொன்று வெட்டுபவை. கேள்வி அவ்வளவு அகலமாக இருந்தால் எதைக் கொண்டுவந்து போட்டாலும் அது பதிலாகிவிடும்.

ஒரு நிலப்பகுதியை எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் காலம் வேறு வேகத்தில் ஓடியது. பிரிட்டனில் மாற்றம் 400க்கும் 450க்கும் நடுவே முடிந்துவிட்டது. இத்தாலிக்கு 476ஐவிடப் பெரிய அடி 535 முதல் 554 வரை கிழக்குப் பேரரசர் ஜஸ்டினியன், அப்போது இத்தாலியை ஆண்ட கோத்தியர் என்ற ஜெர்மானியரோடு நடத்திய போர். ரோமை மீட்கிறோம் என்று வந்த படைதான் அந்த நாட்டைச் சிதைத்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் 439இல் வண்டல்கள் என்ற ஜெர்மானியக் குடியினர் கைக்குப் போனது, 533இல் பேரரசுக்குத் திரும்பியது, 698இல் அரபுப் படையிடம் வீழ்ந்தது. சிரியாவின் சுண்ணாம்புக்கல் மலையில் சிற்றூர்கள் செழித்தது மேற்கு சிதைந்துகொண்டிருந்த அதே ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில். கான்ஸ்டான்டிநோபிளில் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டவர்கள் 1453 வரை ஆண்டார்கள்.

இடம் முடிவானதும் ஒரு பெரிய தாளில் கட்டம் போடுங்கள். மேலே குறுக்காக ஐந்து ஆண்டுகள்: 350, 450, 550, 650, 750. இடப்பக்கம் கீழ்நோக்கி ஏழு தலைப்புகள்: வரி, படை, நகரம், வீடு, பாண்டம், நாணயம், எழுத்தும் சட்டமும். மொத்தம் 35 கட்டங்கள்.

350இல் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொடக்கப் புள்ளியை எங்கே வைக்கிறீர்களோ, அதுவே பாதி முடிவைத் தீர்மானித்துவிடும். 150ஆம் ஆண்டை வைத்துத் தொடங்கினால், ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வாழ்ந்த ரோம் நகரம் ஆறாம் நூற்றாண்டில் சில பத்தாயிரமாகச் சுருங்கியதைக் காட்டிப் பேரழிவு என்று எழுதலாம். ஆனால் 235 முதல் 284 வரையிலான மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடியிலேயே அந்தப் பழைய ரோம் மாறிவிட்டது. அதன்பின் பேரரசர்கள் டயோக்ளீஷியனும் கான்ஸ்டன்டைனும் கட்டியமைத்தது வேறோர் அரசு: கூடுதல் அதிகாரிகள், கூடுதல் வரி, பவுண்டுக்கு 72 வீதம் அடித்த சொலிதுஸ் பொற்காசு, கிறித்தவத்துக்கு ஆதரவு. ஐந்தாம் நூற்றாண்டில் உடைந்தது அந்த இரண்டாவது ரோம். அதனால் ஒப்பீடும் அதனோடுதான்.

கட்டத்துக்குள் சான்றை மட்டும் எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். "வணிகம் சரிந்தது" என்பது தீர்ப்பு. "துறைமுகக் குப்பை அடுக்கில் ஆப்பிரிக்கப் பாண்ட ஓடு இல்லை" என்பது சான்று. நூலிலிருந்து வந்ததை ஒரு நிற மையிலும், மண்ணிலிருந்து வந்ததை வேறு நிற மையிலும் எழுதினால், உங்கள் கதை எந்தக் காலில் நிற்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

காலிக் கட்டங்களை அப்படியே விடக்கூடாது. காலியில் மூன்று வகை: ஒன்று, யாரும் தோண்டிப் பார்க்கவில்லை; இரண்டு, தோண்டினார்கள், ஆனால் அந்தப் பொருள் மண்ணில் தங்காத வகை; மூன்று, தோண்டினார்கள், தங்கும் வகைதான், இருந்தும் இல்லை. மூன்றாவது மட்டும்தான் சரிவுக்குச் சான்று. முதல் இரண்டையும் சரிவு என்று எண்ணிக்கொள்வதில்தான் இந்தத் துறையின் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. சான்று கிடைக்காத காலத்தை இருண்ட காலம் என்று எழுதும் பழக்கத்தை நாமும் களப்பிரர் விஷயத்தில் வெகுநாள் பார்த்திருக்கிறோம்.

யார் எந்தச் சான்றில் நிற்கிறார் என்று கண்டுபிடியுங்கள்

எட்வர்டு கிப்பன் 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகள் எழுதியபோது அவர் மேசையில் இருந்தவை பெரும்பாலும் நூல்கள். நூல்கள் பேசியது பேரரசர்களையும் படைகளையும் திருச்சபையையும். அவர் கதையும் அவற்றைச் சுற்றியே போகிறது. பெல்ஜிய வரலாற்றாசிரியர் ஆன்றி பிரென் கேள்வியை வணிகத்துக்கு மாற்றினார். அவர் இறந்தபின் 1937இல் வெளியான நூலின் வாதம் இது: ஜெர்மானியக் குடியேற்றங்கள் மத்தியதரைக் கடலின் ஒற்றுமையைக் குலைக்கவில்லை, ஏழாம் நூற்றாண்டில் அரபுப் பேரரசு விரிந்தபோதுதான் அது குலைந்தது. பாப்பிரஸ், நறுமணப் பொருள், பட்டு, தங்கம் ஆகிய நான்கும் மேற்கிலிருந்து மறைந்ததை அவர் ஆதாரமாக வைத்தார். பின்னால் வந்த அகழாய்வுகள், கடல் வணிகம் அரபுப் படை வருமுன்பே தேய்ந்துகொண்டிருந்ததைக் காட்டின. பதில் தவறிப்போனாலும் அவர் கேட்ட கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது.

1971இல் பீட்டர் பிரௌன் 150 முதல் 750 வரை ஒரே நீண்ட காலமாக எடுத்துக்கொண்டு சமயம், துறவு, புனிதர் வழிபாடு, கல்வி, கலை ஆகியவற்றைப் படித்தார். அங்கே தெரிந்தது வீழ்ச்சி இல்லை. புதிதாக ஒன்று முளைப்பது. 'பிந்தைய பழங்காலம்' ஒரு தனிக் காலமாக நிலைபெற்றதில் அவர் பங்கு மிகப் பெரிது. இதற்கு வலுவான எதிர்வாதம் 2005இல் வந்தது. பிரயன் வார்ட்-பெர்க்கின்ஸ் பானையோடு, கூரை ஓடு, கால்நடை எலும்பின் அளவு ஆகியவற்றைக் காட்டி, சாதாரண மக்களின் வாழ்க்கை வசதி உண்மையிலேயே நொறுங்கியது என்றார். அதே ஆண்டில் பீட்டர் ஹீதர், ஹூணர் அழுத்தத்தால் எல்லை உடைந்து, வரி தந்த மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பறிபோனதை மையமாக்கினார். அதே 2005இல் கிறிஸ் விக்கம் டென்மார்க் முதல் எகிப்து வரை பகுதி பகுதியாக ஒப்பிட்டு, படைக்கு வரிப்பணம் கொடுத்த அரசு, படைக்கு நிலம் கொடுக்கும் அரசாக மாறியதுதான் மேற்கில் நடந்த அடிப்படை மாற்றம் என்று காட்டினார்.

நம் பார்வையில், தொடங்குபவருக்கு விக்கமின் சட்டகமே அதிகம் உதவும். அரசு வரி வசூலிப்பதை நிறுத்தினால் தானியக் கப்பல் நிற்கும்; தானியத்தோடு ஏறிவந்த பாண்டமும் எண்ணெயும் குறையும்; சம்பளக் காசு வராததால் சில்லறை நாணயம் தேயும்; பெருஞ்செல்வர் கையில் பணம் குறைந்தால் கொத்தனாருக்கு வேலை இருக்காது. கட்டத்தின் ஏழு வரிசைகளையும் ஒரே கயிற்றில் கோக்க இது வழி தருகிறது. ஆனால் ஒரு சிற்றூர்க்காரர் ஏன் ஒரு துறவியின் கல்லறையைத் தேடி நடந்தார் என்பதற்கு இதில் பதில் கிடையாது. அதற்கு பிரௌனிடம்தான் போக வேண்டும்.

புதுப் புத்தகம் கையில் கிடைத்தால் முடிவுரையைப் படிக்குமுன் படங்களையும் பெயரடைவையும் பாருங்கள். சிலுவையும் ஓவியமும் கையெழுத்துச் சுவடியும் நிறைந்திருந்தால் தொடர்ச்சியைப் பேசும் நூலாக இருக்கக்கூடும். பானை வரைபடமும் அகழ்குழிப் படமும் நிறைந்திருந்தால் முறிவைப் பேசும். பெரும்பாலும் இந்தக் கணக்குத் தப்பாது.

நூல்களைக் கையாளும்போது

ஒரு பகுதியை நெருக்கமாகப் பார்ப்போம். இன்றைய ஆஸ்திரியாவின் டான்யூப் கரையில் நோரிக்கம் என்ற மாகாணம். அங்கே வாழ்ந்த செவரினுஸ் என்ற துறவியின் வரலாற்றை அவர் சீடர் யூகிப்பியுஸ் 511இல் எழுதினார். அதில் ஒரு செய்தி: ரோம அரசு இருந்தவரை பல ஊர்களின் வீரர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து சம்பளம் வந்தது. அந்த ஏற்பாடு நின்றதும் படைப்பிரிவுகள் கலைந்தன. பட்டாவிஸ் என்ற ஊரின் பிரிவு மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்தது. அது இன்றைய பாஸாவ். அவர்களில் சிலர் தோழர்களுக்கான கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வழியில் கொல்லப்பட்டார்கள்; யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் செவரினுஸ் படித்துக்கொண்டிருந்த நூலை மூடிவிட்டுக் கண்ணீர் விட்டார், ஆற்றங்கரைக்கு ஓடுங்கள் என்றார். வீரர்களின் உடல்கள் கரை ஒதுங்கியிருந்தன.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? முதலில், எழுதியவருக்கு என்ன வேண்டியிருந்தது என்று கேளுங்கள்: துறவியின் முன்னறிவைக் காட்ட வேண்டியிருந்தது. அற்புதப் பகுதி அவருடைய நோக்கத்துக்கானது. அதன்மேல் எதையும் கட்டாதீர்கள். அடுத்து, அந்த நோக்கத்துக்குத் தேவையில்லாமல் போகிறபோக்கில் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: எல்லைப்படைக்குச் சம்பளம் வெளியிலிருந்து வந்தது, அது நின்றது, நின்றதும் படை கரைந்தது. துறவியைப் புகழ இந்த விவரம் தேவையே இல்லை. அதனாலேயே அது மதிப்புள்ளது. மூன்றாவதாக இடைவெளி: நடந்து ஒரு தலைமுறை கடந்தபின், வேறு நாட்டில், இத்தாலியில் எழுதியது. ஆகவே ஆண்டைத் துல்லியமாகக் குறிக்காதீர்கள். கட்டத்தில் 'படை – 450' என்ற இடத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே எழுதி ஓர் அம்புக்குறி போடுங்கள்.

இதே மூன்று கேள்விகளை மற்ற நூல்களிடமும் கேளுங்கள். 440களில் சால்வியன் என்ற பாதிரியார், காட்டுமிராண்டிகள் என்று இகழப்பட்டவர்களே ரோமரைவிட ஒழுக்கமானவர்கள் என்று எழுதினார். அவர் செய்துகொண்டிருந்தது சமயப் பிரசங்கம், கேட்பவரை வெட்கப்பட வைப்பது நோக்கம். இத்தாலியின் கோத்திய அரசில் அதிகாரியாக இருந்த காசியோடோரஸ் தொகுத்த கடிதங்கள் கோத்திய அரசரை ரோமப் பேரரசர்போலவே பேசவைக்கும். அரசவைக்காக எழுதியவரும், பின்னாளில் தேர்ந்தெடுத்துத் தொகுத்தவரும் அவரே.

சட்ட நூல்களில் ஒரு பொறி உண்டு. 438இல் வெளியான தியோடோசியச் சட்டத்தொகுப்பில் ஒரே தடை திரும்பத் திரும்ப வரும். "திரும்பப் போட்டார்கள் என்றால் யாரும் கீழ்ப்படியவில்லை" என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் ஏதோ ஓர் ஊர் அதிகாரி மனுப் போட்டுக் கேட்டதற்கான பதிலாகவும் அந்த ஆணை வந்திருக்கலாம். அப்படியானால் அரசு வேலை செய்தது என்றே பொருள். சட்டம் என்ன சொன்னது என்பதைவிட, அதைப் பயன்படுத்திய தடயம் எங்கே என்று தேடுங்கள்.

அப்படி ஒரு தடயம் அல்ஜீரிய–துனிசிய எல்லையருகே 1928இல் கிடைத்தது: மையால் எழுதிய 45 மரப்பலகைகள். காலம் 493 முதல் 496 வரை. ஆண்டு குறிப்பது வண்டல் அரசன் குந்தமுந்தின் ஆட்சியாண்டால். உள்ளே இருப்பவை பெரும்பாலும் சிறு துண்டு நிலங்களையும் ஒலிவ மரங்களையும் விற்ற பத்திரங்கள். மேற்கோள் காட்டுவதோ முதல், இரண்டாம் நூற்றாண்டுகளிலேயே வழங்கிய மான்சியச் சட்டம் என்ற ரோமக் குத்தகை முறை. கார்த்தேஜ் கைமாறி ஐம்பது ஆண்டுக்குப் பிறகும், பெருநகரத்துக்கு வெகுதொலைவில், சின்ன விவசாயிகள் பழைய ரோம முறையில் பத்திரம் எழுதினார்கள். 'எழுத்தும் சட்டமும்' வரிசையில் இதைவிட உறுதியான பதிவு கிடைப்பது அரிது.

மண்ணிலிருந்து வருபவை

இந்தக் காலத்துக்கு மிக உதவும் பொருள், இன்றைய துனிசியாவில் செய்த செந்நிறப் பூச்சுடைய சாப்பாட்டுத் தட்டு. ஆப்பிரிக்கச் செம்பூச்சுப் பாண்டம் என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை உற்பத்தியானது. விளிம்பின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியதால், உள்ளங்கை அளவு விளிம்பு ஓடு இருந்தால் ஏறக்குறைய எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம். ஒரு தரைக்குக் கீழே 500ஐச் சேர்ந்த ஓடு கிடைத்தால், அந்தத் தரை 500க்கு முன் போட்டதாக இருக்க முடியாது. அவ்வளவுதான் சொல்லலாம். 500இல் போட்டது என்று சொல்லக்கூடாது, 600இலும் போட்டிருக்கலாம்.

இங்கே வட்டமாகச் சுற்றும் ஒரு பிழை நடக்கும். ஓர் ஊருக்கு இந்தப் பாண்டம் வருவது 450இல் நின்றதாக வையுங்கள். அதன்பின் அங்கே வாழ்ந்தவர்கள் மரத்தட்டிலும் நாட்டுப் பானையிலும் சாப்பிட்டார்கள். அவற்றுக்குக் காலம் சொல்லத் தெரியாததால் அகழாய்வாளர் "450இல் ஊர் கைவிடப்பட்டது" என்று அறிக்கை எழுதுவார். நின்றது தட்டு வருவது, ஊர் நிற்கவில்லை. நாணயத்திலும் இதே கதை. பிரிட்டனுக்கு மொத்தமாகப் புது நாணயம் வருவது 402 அளவில் நின்றதால், அதற்குப் பிறகு வந்த எல்லா அடுக்குகளும் 402இலேயே முடிந்ததுபோல் தோற்றம் தரும்.

இங்கிலாந்தின் ராக்ஸிட்டரில் பிலிப் பார்க்கர் 1966இலிருந்து குளியல் மாளிகைப் பகுதியை மெல்லிய தூரிகை வேலையாகத் திறந்தார். முந்தைய அகழாய்வுகள் இடிபாடு என்று வாரிக் கொட்டியிருக்கக்கூடிய உடைகல் பரப்புகள், மரக்கட்டடங்களுக்கு அடித்தளமாக வேண்டுமென்றே பரப்பியவை என்று அவர் வாசித்தார். ரோமப் பிரிட்டன் முடிந்தபிறகும் அங்கே ஒரு நகர வாழ்க்கை இருந்ததாகப் படம் மாறியது. பின்வந்த ஆய்வாளர் சிலர் அந்தக் கட்டடங்களின் எண்ணிக்கையையும் காலத்தையும் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். எனவே ராக்ஸிட்டரை மேற்கோள் காட்டினால், எந்த வாசிப்பை ஏற்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லண்டன் போன்ற நகரங்களில் ரோம அடுக்குக்கு மேலே படிந்திருக்கும் கருமண்ணும் இப்படித்தான்: முன்பு வெறும் பாழ்நிலம் என்றார்கள், நுண்ணோக்கியில் பார்த்தபோது மக்கிய மரவீடும் மண்சுவரும் அடுப்புச் சாம்பலும் குப்பையும் அதில் கலந்திருப்பது பல இடங்களில் தெரிந்தது.

கல்லறைப் பொருளைக் கொண்டு இனம் சொல்வதில் எச்சரிக்கை வேண்டும். 1653இல் பெல்ஜியத்தின் தூர்னே நகரில் கட்டட வேலையின்போது, பிராங்கு என்ற ஜெர்மானியக் குடியின் அரசன் சில்டெரிக்கின் கல்லறை கிடைத்தது. அவன் 481 அல்லது 482இல் இறந்தவன். தன் பெயரும் பட்டமும் லத்தீனில் பொறித்த முத்திரை மோதிரம். அதில் நீண்ட கூந்தலும் ரோமப் படைத்தளபதியின் உடையும் கையில் ஈட்டியுமாக உருவம். ரோம உயரதிகாரிகள் மேலங்கியில் குத்தும் தங்க ஊசி. கான்ஸ்டான்டிநோபிளில் அடித்த பொற்காசுகள். சிவப்பு மணிக்கல் பதித்த வாள். பக்கத்திலேயே, பின்னாளில் கண்டெடுத்த குதிரைப் புதைகுழிகள். இவன் ரோமனா, பிராங்கனா? இரண்டில் ஒன்றைச் சொன்னால் பாதிப் பொருளைக் குப்பையில் போட வேண்டும். ரோம அதிகாரம், படைத்தலைமை, உள்ளூர் மரபு மூன்றையும் ஒரே உடலில் அணிந்தவன் என்று எழுதுவதே சான்றுக்கு நியாயம். புதையல் 1831இல் பாரிஸில் திருட்டுப்போனது, பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது. இவ்வளவாவது நாம் பேச முடிவது, 1655இலேயே ஒவ்வொரு பொருளையும் படம் வரைந்து அச்சிட்டுவைத்ததால்தான்.

கல்லறைப் பொருளுக்குச் சொல்வதே மரபணுவுக்கும் பொருந்தும். ஒருவரின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்று எலும்பு சொல்லும். தன்னை அவர் யாராக நினைத்தார் என்று சொல்லாது.

தட்பவெப்பமும் கொள்ளைநோயும் இப்போது அதிகம் பேசப்படுகின்றன. 536இல் ஒரு பெரிய எரிமலை வெடிப்பு நிகழ்ந்ததை மரவளையமும் பனிப்பாறை மாதிரியும் காட்டுகின்றன. அந்த ஆண்டு சூரியன் நிலவைப்போல மங்கிக் கிடந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் எழுதினார். 541இல் எகிப்தில் தொடங்கிய பிளேக்கின் கிருமி பவேரியாவிலும் இங்கிலாந்திலும் கிடைத்த எலும்புகளில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. நோய் இருந்தது உறுதி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் கடும் கருத்து வேறுபாடு. இரண்டு நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்ததால் முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது. விளைச்சல் குறைந்ததா, வரி குறைந்ததா, படைக்கு ஆள் குறைந்ததா என்று நடுவில் உள்ள ஒவ்வொரு கண்ணிக்கும் தனிச் சான்று கேளுங்கள். மேற்கில் பேரரசே 476க்குள் போய்விட்டது என்பதையும் மறக்காதீர்கள். 536 அதற்குக் காரணமாக வழியில்லை.

பயிற்சி: மிளகைப் பின்தொடர்தல்

தமிழ் வாசகர் தொடங்க நல்ல பொருள் மிளகு. சேர நாட்டுக் கரையிலிருந்து போனது, ரோம உலகில் எங்கும் விரும்பப்பட்டது, நூலிலும் மண்ணிலும் தடயம் விட்டது.

408இல் கோத்தியத் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு, விலகிப்போகக் கேட்டவை: 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டுச் சட்டை, 3,000 சிவப்புத் தோல், 3,000 பவுண்டு மிளகு. ரோமப் பவுண்டு சுமார் 327 கிராம். மிளகு மட்டும் ஏறக்குறைய ஒரு டன். சொல்பவர் வரலாற்றாசிரியர் சோசிமுஸ், ஏறக்குறைய நூறு ஆண்டு பிந்தியவர்; ஆனால் அக்காலத்தவரான ஒலிம்பியோடோரஸை அடியொற்றி எழுதினார்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹாக்ஸனில் யாரோ தங்கள் செல்வத்தைப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். 1992இல் கிடைத்தது. ஏறக்குறைய 15,000 காசுகள். கடைசிக் காசு 407–408. வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் விளிம்பை நறுக்கி வெள்ளி எடுத்திருக்கிறார்கள். புதுக் காசு வராத நாட்டில் அதுதான் நடக்கும். அதோடு நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். ஒன்று ஒரு சீமாட்டியின் மார்பளவு உருவம், சுமார் 10 செ.மீ. உயரம். அடியில் ஒரு சுழல்தகடு: ஒரு திருப்பில் மூடும், இன்னொன்றில் நிரப்பலாம், இன்னொன்றில் தூவலாம்.

ஆறாம் நூற்றாண்டின் நடுவில் அலெக்சாந்திரியாவின் காஸ்மாஸ் என்ற வணிகர், மிளகு ஏற்றும் இந்திய மேற்குக்கரைத் துறைமுகங்கள் ஐந்தைப் பெயர் சொல்லி எழுதினார், ஒன்று 'புதோபதானா'. புதுப்பட்டணம் நம் காதில் விழாமல் போகாது.

716இல் பிராங்கு அரசன் இரண்டாம் சில்பெரிக், வட பிரான்சின் கொர்பி மடத்துக்குத் தென் பிரான்சின் ஃபோஸ் துறைமுகச் சுங்கச் சாவடியிலிருந்து பொருள் வழங்கும் பழைய ஆணையை உறுதிசெய்தான். பட்டியலில் 30 பவுண்டு மிளகு, 150 பவுண்டு சீரகம், 50 கட்டுப் பாப்பிரஸ், 10,000 பவுண்டு எண்ணெய். 735இல் வட இங்கிலாந்தில் பீட் என்ற துறவி சாகும்முன் தன் பெட்டியில் இருந்ததைச் சக துறவிகளுக்குப் பங்கிட்டார்: மிளகு, துணி, சாம்பிராணி.

இப்போது தவறான வழியில் போய்ப் பாருங்கள். 3,000ஐ 30ஆல் வகுத்து, "முந்நூறு ஆண்டில் மிளகு வணிகம் நூறில் ஒன்றானது" என்று எழுதலாம். ஒன்று பேரரசின் பெருநகரம் கொடுத்த மீட்புத்தொகை, மற்றது ஒரு மடத்தின் வழங்கல். இரண்டும் ஒரே அளவுகோலில் நிற்பவையல்ல. கொர்பி ஆணையிலும் சிக்கல்: அது ஏழாம் நூற்றாண்டில் முந்தைய அரசர்கள் கொடுத்ததை அப்படியே படியெடுத்தது. பட்டியல் 716இன் கிடங்கைக் காட்டுகிறதா, அரை நூற்றாண்டுக்கு முந்தைய கிடங்கைக் காட்டுகிறதா என்பதில்தான் இதைப் படிப்பவர்கள் பிரிகிறார்கள்.

சரியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: மிளகு மேற்கு ஐரோப்பாவுக்கு வருவது முற்றாக நிற்கவில்லை. 408இல் நகரக் கிடங்கிலிருந்து டன் கணக்கில் எடுக்க முடியும் என்று ஒருவன் நம்பினான். 735இல் அது ஒரு துறவி பிரித்துக்கொடுக்கும் அளவுக்கு அருமையான பொருள். நடுவில் எவ்வளவு குறைந்தது என்று இந்தச் சான்றுகளால் அளக்க முடியாது. மதுரை, கரூர் பக்கமும் இலங்கையிலும் கிடைக்கும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு ரோமச் செப்புக் காசுகளைச் சேர்க்க விரும்பினால், அடித்த ஆண்டும் இங்கே வந்துசேர்ந்த ஆண்டும் வேறு என்பதைக் குறித்துக்கொண்டு சேருங்கள். சில்லறைக் காசு பல பத்தாண்டுகள் கைமாறும். இலங்கையில் அவற்றைப் பார்த்து உள்ளூரிலும் அடித்தார்கள்.

எழுதும்போது

ஒவ்வொரு முடிவு வாக்கியத்திலும் நான்கு இருக்க வேண்டும்: எந்தப் பகுதி, எந்த ஆண்டுகளுக்கிடையே, எந்தத் துறை, எந்தச் சான்றின் பேரில். "ரோம நாகரிகம் அழிந்தது" இதில் தேறாது. இப்படி எழுதுங்கள்: "வட ஆப்பிரிக்காவில் 439க்குப் பிறகு ரோமுக்கு வரியாகத் தானியம் போவது நின்றது, ஆனால் சிறு நிலக்காரரிடையே ரோமப் பத்திர முறை 490களிலும் வழங்கியதை மரப்பலகைகளும், தட்டு ஏற்றுமதி சுருங்கியபடியே ஏழாம் நூற்றாண்டு வரை நீடித்ததைப் பாண்ட ஓடுகளும் காட்டுகின்றன." வாக்கியம் நீளம்தான். ஆனால் யாராவது மறுக்க வேண்டுமென்றால் எந்த இடத்தில் மறுப்பது என்று அவருக்குத் தெரியும்.

'மாற்றம்' என்ற சொல்லையும் சோதியுங்கள். அதை எழுதும்போதெல்லாம் யாருக்கு என்று கேளுங்கள். பாலஸ்தீனத்தின் பெத் ஷெயானில் அகன்ற தூண்வரிசைத் தெருக்களைக் கடைகள் மெல்ல மெல்ல ஆக்கிரமித்தன. பழைய பார்வையில் அது நகரச் சீரழிவு. ஆனால் 738இல் கலீபா ஹிஷாம் பெயரில் கண்ணாடி மொசைக் கல்வெட்டோடு அங்கே புதுச் சந்தை கட்டினார்கள். 749 நிலநடுக்கம் அதைப் புதைத்தது. கடைக்காரருக்கும் வாங்க வந்தவருக்கும் அது சுறுசுறுப்பான ஊர். அதே கேள்வியைப் பட்டாவிஸ் வீரர்களிடம் கொண்டுபோனால் 'மாற்றம்' என்ற சொல் நிற்காது. அவர்களுக்கு அது முடிவுதான். இரு பதில்களையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுங்கள். கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள்.

35 கட்டங்களும் நிறையாது. பிரிட்டனை எடுத்தவருக்கு 450இன் கீழ் உள்ள கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். எகிப்தை எடுத்தவருக்குப் பாப்பிரஸ் குவிந்து இடம் போதாது. இரண்டு பகுதிகளை ஒப்பிடுமுன், சான்று மிகுந்த பகுதியில் மற்றதில் இல்லாத வகையை ஒரு தாளால் மறைத்துவிட்டுப் பாருங்கள். பாப்பிரஸை மறைத்தபிறகும் எகிப்து செழிப்பாகத் தெரிந்தால் ஒப்பீடு நிற்கும். அப்போது அது வாடித் தெரிந்தால், நீங்கள் அதுவரை அளந்துகொண்டிருந்தது எகிப்தின் வறண்ட மணலைத்தான்.